ஒரு பாட்டு, பல டிராக்: ராக் பேண்ட் ஸ்டுடியோவில் என்ன செய்கிறது?

ஹெட்போனில் ஒரு ராக் பாட்டைக் கேட்கும்போது நான்கு பேர் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசிப்பது போலத்தான் தோன்றும். பெரும்பாலும் அப்படி நடந்திருக்காது. டிரம்ஸ் ஒரு நாள் பதிவாகியிருக்கும், பாஸ் கிட்டார் அன்று சாயங்காலம், மற்ற கிட்டார்கள் அடுத்த வாரம், குரல் எல்லாவற்றுக்கும் கடைசியில். நாம் கேட்கும் அந்த மூன்றரை நிமிடம் யாருடைய கண் முன்னும் முழுதாக நடந்ததே இல்லை. ஸ்டுடியோ வேலையில் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் பல விஷயங்களுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

வேலூர் பக்கம் பேண்டுக்கு ஆள் பஞ்சமில்லை. சர்ச்சில் பாடகர் குழுவோடு டிரம்ஸ் வாசித்துக் கை பழகிய பையன்கள் இருக்கிறார்கள். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ரிவியேரா விழாவை மனதில் வைத்து ஹாஸ்டல் அறையில் இரவெல்லாம் கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மேடையில் நன்றாகவே வாசிக்கிறார்கள். சொந்தப் பாட்டு ஒன்றைப் பதியலாம் என்று ஸ்டுடியோவுக்குள் போனதும்தான் திணறல். மேடையும் ஸ்டுடியோவும் வேறு வேறு வேலை என்பதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதித் திணறல் இருக்காது.

ஆரம்ப காலத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் வாசித்தார்கள். பழைய தமிழ்ப் படப் பாட்டுகள் பலவற்றில் பாடகரும் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிந்தார்கள். கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பீட்டில்ஸ் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனில் ஒரே நாளில் முடித்தது. அவர்களிடம் இருந்தது இரண்டு டிராக் டேப் மெஷின். ஒன்றில் குரல், இன்னொன்றில் வாத்தியம், அவ்வளவுதான். அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1957இல், ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் சொல்லி எட்டு டிராக் மெஷின் வாங்கி வைத்திருந்தார். ஸ்டுடியோக்களில் அது பரவ அப்புறம் பத்து வருடம் போல ஆயிற்று. 1970களில் 24 டிராக் சாதாரணமானது. இன்றைக்கு ஒரு லேப்டாப்பில் நூறு டிராக் போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

டிராக் என்றால் என்ன? ஒரு மைக்கில் விழுந்த சத்தத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய தனி வரிசை. பத்து மைக் வைத்தால் பத்து வரிசை. கம்ப்யூட்டர் திரையில் அவை ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடும். பிறகு ஒன்றை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம், அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கலாம். மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அவை உண்மையிலேயே தனித்தனியாக இருந்தால்தான் இது நடக்கும். டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியான ஆம்பைச் சத்தமாக வைத்து இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். டிரம்ஸுக்கு வைத்த மைக் எல்லாவற்றிலும் கிட்டாரும் கொஞ்சம் விழும். இதை லீக் என்பார்கள். கிட்டார்காரர் இரண்டாவது சரணத்தில் ஒரு கார்டை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டை, தப்பாகப் பிடித்துவிட்டார். மறுநாள் வந்து அந்த இடத்தை மட்டும் சரியாக வாசித்துக் கொடுக்கிறார். பழைய கிட்டார் டிராக்கை அழித்தாயிற்று. ஆனாலும் டிரம்ஸ் மைக்குகளுக்குள் அந்தத் தப்புக் கார்டு இருக்கிறதே! புதுக் கார்டுக்குப் பின்னால் அது மெல்லிசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், எடுக்க வழி கிடையாது. ஆட்களைத் தனித்தனி அறையில் உட்கார வைப்பது, ஆம்பை இன்னொரு அறைக்குத் தள்ளுவது, எல்லோர் காதிலும் ஹெட்போன் மாட்டுவது எல்லாம் இந்த லீக்கைத் தடுக்கத்தான்.

சரி, தனித்தனியாக வாசித்தால் எப்படிச் சேரும்? அதற்குத்தான் கிளிக். ஹெட்போனில் மட்டும் கேட்கும் டிக் டிக் சத்தம். பாட்டின் வேகம் 120 என்றால் நிமிடத்துக்கு 120 அடி, அதாவது அரை விநாடிக்கு ஒன்று. மூன்றரை நிமிடப் பாட்டில் 420 டிக். எல்லோரும் அதே டிக்கைப் பிடித்து வாசித்திருந்தால், பத்து நாள் இடைவெளியில் பதிந்தவையும் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். ஒரு நன்மை கூடுதலாக உண்டு. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதிதான் கோரஸ். முதல் கோரஸை நன்றாக வாசித்து, மூன்றாவது கோரஸில் சொதப்பினால், முதலாவதை நகல் எடுத்து அங்கே ஒட்டலாம்.

கிளிக் எல்லா இசைக்கும் பொருந்தாது. நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க மிருதங்கமும் தாளமும் சேர்ந்து வேகமெடுக்கும். அந்த ஏற்றம்தான் கூத்துக்கு உயிர். அதற்குக் கிளிக் போட்டால் கதை முடிந்தது. ராக்கிலும் கோரஸ் வரும்போது ஒரு பொட்டு வேகம் கூடுவது இயல்பு. அப்படிப்பட்ட பாட்டில் கோரஸுக்கு மட்டும் 120ஐ 122 ஆக்கிக்கொள்ளலாம், மென்பொருள் ஒத்துக்கொள்ளும். கிளிக்கோடு பழகாத டிரம்மரை ஸ்டுடியோவில் முதல் முறையாக அதோடு உட்கார வைப்பது மட்டும் வேண்டாம். மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடம் அது. ஒரு மாதம் முன்பே வீட்டில் போனில் மெட்ரோனோம் செயலி போட்டுப் பழகிவிட்டு வரட்டும்.

முதலில் பதிவது கைடு டிராக். கிட்டார்காரர் கிளிக்கைக் கேட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் ஒரு முறை வாசித்து, யாராவது ஒருவர் சுமாராகப் பாடியும் வைப்பார். கடைசியில் தூக்கிப் போடப் போவதுதான். டிரம்மருக்குப் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்காக அது.

அடுத்து டிரம்ஸ். ஸ்டுடியோ வேலையில் சிரமமும் செலவும் அதிகம் பிடிப்பது இதுதான். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பாவு சரியாக ஓடாவிட்டால் ஊடையை என்ன கவனமாகக் கோத்தாலும் துணி நேராக வராது. டிரம்ஸ்தான் பாட்டின் பாவு.

ஒரு செட்டுக்கு எட்டு முதல் பதினொரு மைக் வரை போகும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று, டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்கு ஒன்று, டாம் எனும் மற்ற டிரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, தலைக்கு மேலே ஓவர்ஹெட் மைக் இரண்டு, அறையின் மூலையில் ஒன்றோ இரண்டோ. செட்டில் உள்ள எல்லாச் சத்தமும் எல்லா மைக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும், இங்கே லீக்கைத் தடுக்க முடியாது. ஆகவே இன்ஜினியர் அதோடு சமாதானம் செய்துகொள்கிறார்.

எப்படி என்று பாருங்கள். சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஸ்னேருக்கு ஒட்டி வைத்த மைக்கை உடனே எட்டும் அடி, ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓவர்ஹெட் மைக்குக்கு மூன்று மில்லி விநாடி கழித்துப் போய்ச் சேரும். அது பரவாயில்லை. இடது ஓவர்ஹெட் ஒரு தூரத்திலும் வலது ஓவர்ஹெட் வேறு தூரத்திலும் இருந்தால்தான் வம்பு. ஸ்னேர் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும், இரண்டையும் சேர்க்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒலி சோகை பிடித்தது போல ஆகிவிடும். இதற்கு ஸ்டுடியோக்களில் ஒரு எளிய வழி உண்டு. ஒரு மைக் கேபிளின் நுனியை ஸ்னேரின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, இடது மைக் வரை இழுத்து, அந்த இடத்தில் கேபிளைக் கிள்ளிக்கொண்டு அப்படியே வலது மைக்குக்குக் கொண்டு போவார்கள். எட்டவில்லை என்றால் ஸ்டாண்டை இறக்குவார்கள். லட்ச ரூபாய் சாமான் நடுவே கேபிளை முழம் போடும் இந்தக் காட்சியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

ஸ்னேரின் கீழ் மைக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குச்சி அடிக்கும்போது மேல் தோல் மேல் மைக்கை விட்டு விலகிப் போகிறது, அதே கணத்தில் கீழ்த் தோல் கீழ் மைக்கை நோக்கி வருகிறது. ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஸ்னேரின் கனம் காணாமல் போகும். அதனால் கீழ் மைக்கின் டிராக்கில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பட்டன் ஒன்றை அழுத்தி அலையைத் தலைகீழாக்குவார்கள். அழுத்திய உடனே கனம் திரும்ப வரும். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும்போது இன்ஜினியரிடம் அதை ஒரு முறை போட்டு, ஒரு முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மைக்கை விட முக்கியம் தோலும் ட்யூனிங்கும். பழைய, பள்ளம் விழுந்த தோலை எந்த மைக்கும் காப்பாற்றாது. ஸ்னேரைச் சுற்றி உள்ள ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் விரல் தூரத்தில் தட்டிப் பார்த்து எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை முடுக்க வேண்டும். மிருதங்கம் சுருதி சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கிக் பெடல் க்ரீச் என்று கத்துகிறதா என்றும் பாருங்கள். மேடையில் அது யார் காதிலும் விழாது, கிக் மைக்குக்கு நன்றாகக் கேட்கும்.

டிரம்மர் மூன்று நான்கு முறை முழுதாக வாசிப்பார். ஒவ்வொன்றும் ஒரு டேக். எது நல்ல டேக் என்று முடிவு செய்வதில் ஒரு கருத்து வேற்றுமை எப்போதும் உண்டு. என் கட்சி இது: ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் துடிப்பு உள்ள டேக்கை எடுங்கள். பிசகை இன்னொரு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டிச் சரி செய்யலாம், துடிப்பை எங்கிருந்தும் வெட்டி எடுக்க முடியாது.

பாஸ் கிட்டாரைப் பதிவது சுலபம். மைக்கே இல்லாமல் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியாக நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும். கிக்கும் பாஸும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்பதை மட்டும் காது கொடுத்துப் பாருங்கள். பாஸ் முந்தினால் பாட்டு தள்ளாடும்.

கிட்டாருக்கு ஆம்ப் முன்னால் ஒரு மைக். உலகம் முழுக்க இதற்கென்றே பேர் போனது ஷூர் எஸ்.எம். 57, 1965லிருந்து வருகிறது, இன்றும் விலை கட்டுப்படியாகும். ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாகக் காதைக் குத்தும். இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்தினால் குத்தல் குறைந்து கனம் கூடும். ஆம்பின் குமிழ்களைத் திருகும் முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

ராக் பாட்டுகளில் கிட்டார் இரு காதுகளிலும் சுவர் மாதிரி நிற்கிறதே, அது எப்படி? ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழுக்க இடது பக்கம், மற்றதை முழுக்க வலது பக்கம் வைக்கிறார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு அதையே நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே ஒலி வந்தால் காது அதை நடுவில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள மயிரிழை வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. எனவே ஒரே மாதிரி திரும்ப வாசிக்கத் தெரிந்த கிட்டார்காரர் ஸ்டுடியோவில் தங்கம். சோலோவில் பறப்பவருக்கு மேடையில் கைதட்டல் கிடைக்கும், இங்கே இவருக்குத்தான் மதிப்பு.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மே மாதம் 40 டிகிரிக்கு மேல் காயும் ஊரில் பைக்கில் கிட்டாரை மாட்டிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து வருகிறீர்கள். ஸ்டுடியோவில் ஏ.சி. 22இல் ஓடுகிறது. சூடாக இருந்த கம்பி குளிர்ந்து சுருங்கும், இழுவிசை கூடி சுருதி ஏறும். உடனே ட்யூன் செய்வீர்கள். மரம் மெதுவாகக் குளிர்ந்து முடிக்கும்போது மறுபடி விலகும். பையைத் திறந்து வைத்து அரை மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் ட்யூன் செய்வதே நல்லது. அதன் பிறகும் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனரைப் பாருங்கள். சின்ன ஸ்டுடியோக்களில் குரல் பதியும்போது சத்தம் விழுமென்று ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள், அறை சூடேறும், சுருதி இறங்கும். இந்தக் கூத்து நாள் முழுக்க நடக்கும்.

கரண்டும் தன் பங்குக்குக் கலாட்டா செய்யும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒரு செப்புக் கம்பிச் சுருள், சுற்றியுள்ள மின் இரைச்சலை எல்லாம் அது ஆண்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். ஊம் என்று ஒரு ரீங்காரம் வந்தால் முதலில் ட்யூப் லைட்டை அணையுங்கள், மின்னணு ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள், பிறகு உட்காரும் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வீட்டில் பதிகிறவர்கள் லேப்டாப் சார்ஜரைக் கழற்றினாலே பல சமயம் இரைச்சல் நின்றுவிடும். கரண்ட் போய் மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது எதையும் பதியாதீர்கள், அதன் கரகரப்பு அப்படியே டிராக்கில் உட்கார்ந்துவிடும்.

குரலுக்கு வருவோம். பாடகர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். நடுவே வலை மாதிரி ஒரு பாப் ஃபில்டர், ‘ப’ வரும் சொற்களை அழுத்திப் பாடும்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கை டொப் என்று அடிக்காமல் அது தடுக்கும். இங்கேயும் பல டேக். பல்லவி மூன்றாவது டேக்கிலிருந்து, சரணத்தின் முதல் வரி ஐந்தாவதிலிருந்து, கடைசி வரி முதலாவதிலிருந்து என்று பொறுக்கி எடுத்து ஒரே குரலாகத் தைப்பார்கள். இதற்கு காம்பிங் என்று பேர். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, உலகில் கிட்டத்தட்ட எல்லாரும் செய்வதுதான். மூச்சு எடுக்கும் சத்தத்தை மட்டும் சுத்தமாக வெட்டிவிடாதீர்கள், பாடுவது மனிதரா மெஷினா என்ற சந்தேகம் வந்துவிடும்.

பாடகருக்கு ஹெட்போனில் கிடைக்கும் ஒலி சரியாக இருப்பது மைக்கின் விலையை விட முக்கியம். தன் குரல் கேட்கவில்லை என்றால் கத்துவார், அதிகமாகக் கேட்டால் அடக்கிப் பாடி சுருதியை விடுவார். வாயைத் திறந்து கேட்டு வாங்குங்கள். நம் பிள்ளைகள் இன்ஜினியர் அண்ணன் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டே பாதி நாளை ஓட்டிவிடுகிறார்கள். ‘அண்ணே, கிட்டாரைக் கொஞ்சம் குறைச்சு, கிளிக்கைக் கொஞ்சம் ஏத்துங்க’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவருடைய வேலையே அதுதான்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்ய முடியாதா? பெரும்பகுதியைச் செய்யலாம். மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் மாதிரி ஒரு பதிவு மென்பொருள், ஒரு நல்ல ஹெட்போன் இருந்தால் பாஸ், கிட்டார், குரல் மூன்றும் காட்பாடியில் மாடி அறையிலேயே முடியும். டிரம்ஸுக்குத்தான் பெரிய அறையும் நிறைய மைக்கும் வேண்டும். என்னைக் கேட்டால், கையில் உள்ள பணத்தை முழுக்க டிரம்ஸ் அறை உள்ள சென்னை ஸ்டுடியோ ஒன்றில் ஒரு நாளுக்குக் கொடுத்துவிடுங்கள். காலை ரயிலைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் போல. நன்றாகப் பழகியிருந்தால் ஒரே நாளில் மூன்று பாட்டுக்கான டிரம்ஸை வாங்கிக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். மற்றதை ஊரில் நிதானமாகச் செய்யுங்கள்.

வீட்டு அறைக்கு முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் சரி, கடையில் விற்கும் மெல்லிய ஸ்பாஞ்சும் சரி, வெளியே பெங்களூர் ரோட்டில் போகும் லாரி ஹார்னை நிறுத்தாது. வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும், இடைவெளி இல்லாமல் மூடும் கதவும்தான் வேண்டும். உள்ளே எழும் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை. டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், கான்கிரீட் தளம் உள்ள நம் அறைகளில் எதிரொலி அதிகம். பாடகரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள், தரையில் மெத்தையைப் போடுங்கள். முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக் பாடகர் இருக்கும் திசையைத்தான் பார்க்கிறது, ஆகவே அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முதலில் மூட வேண்டியது. ஹார்னுக்கு மருந்து இரவு பதினொரு மணிக்கு மேல் பாடுவது.

பதியும் அளவைப் பற்றி ஒரு வரி. டிஜிட்டலில் மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், பிறகு ஒட்ட முடியாது. 24 பிட் தரத்தில் பதியும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றாலே தாராளம்.

பிறகு மிக்சிங். இருபது டிராக்கின் சத்த அளவைச் சரிசெய்து, இடம் வலம் பிரித்து, ஒன்று இன்னொன்றை மறைக்கும் இடத்தில் ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் செதுக்கி, கம்ப்ரஸரால் ஏற்ற இறக்கத்தை அடக்கி, எதிரொலி சேர்க்கும் ரிவர்பால் ஒரே அறையில் இருப்பது போன்ற மயக்கத்தைக் கொண்டு வருவது. தனியே ஒரு கட்டுரைக்கு உரிய விஷயம். பேண்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மிக்சிங் நடக்கும்போது நால்வரும் பின்னால் நின்றுகொண்டு ‘என் கிட்டாரைக் கூட்டுங்க’ என்று ஆளுக்கொன்று சொல்லக் கூடாது. ஒருவரைப் பேச வையுங்கள். வந்த மிக்ஸைச் சத்தம் குறைத்து ஒரு முறை, போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, காரிலோ ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரிலோ ஒரு முறை கேளுங்கள். எல்லா இடத்திலும் குரல் புரிந்தால் மிக்ஸ் தேறியது.

கடைசியாக மாஸ்டரிங், முடிந்த மிக்ஸை ஒட்டுமொத்தமாக மெருகேற்றி மற்ற பாட்டுகளின் சத்த அளவுக்குக் கொண்டு வருவது. இங்கே ‘இன்னும் சத்தமா’ என்று அடம் பிடித்துப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, சத்தத்தை அளக்கும் அலகில் சொன்னால் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். பக்கம், தாங்களே குறைத்துக்கொள்கின்றன. நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே சத்தமும் இழந்து, துடிப்பும் இழந்து நிற்கும்.

ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் கையில் இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டரை எம்.பி. ஆகும், இருபது டிராக் உள்ள நான்கு நிமிடப் பாட்டு ஒரு டேக்குக்கே 700 எம்.பி.யைத் தொடும். எம்.பி.3 ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எல்லா டிராக்கும் தனித்தனி வேவ் கோப்புகளாக, எல்லாம் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டு வாங்குங்கள். குரல் இல்லாத மிக்ஸ் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். டிரம்மர் ஊரில் இல்லாத அன்று கல்லூரி விழாவில் பாட அழைப்பு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.